வாலையில் இறங்காத கடல்

துனிசியாவின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் போன் தீபகற்பம். அதன் கரையோரம் உள்ள நபல் என்ற ஊரில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய கசப்பு ஆரஞ்சு மரங்கள் பூக்கும். உரித்துத் தின்னும் ஆரஞ்சு அல்ல இது. பழம் கசந்து புளிக்கும். மர்மலேடு காய்ச்சத்தான் ஆகும். இங்கே அந்த மரத்தைப் பூவுக்காகவே வளர்க்கிறார்கள். பூக்கும் நாட்களில் தோப்பின் மணமும் கடற்காற்றும் ஊருக்குள் ஒன்றாகவே வருகின்றன. இந்தச் சேர்க்கைக்குத் திட்டமான காரணம் உண்டு. எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் உறைபனியைத் தாங்கா. நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால், கடலை ஒட்டிய நிலத்தில் குளிர்கால இரவுகள் உள்நாட்டில் போல் கடுமையாவதில்லை. நபலிலும் பக்கத்து ஹம்மாமெத்திலும், இத்தாலியின் கலாப்ரியாவிலும் சிசிலியிலும், பிரான்சின் வல்லோரிஸிலும் தோப்புகள் கடலோரமாகவே அமைந்ததற்கு இது முக்கியமான காரணம். ஆக, கடலும் ஆரஞ்சுப் பூவும் கலந்த மணம் முதலில் ஒரு புவியியல் உண்மை. அதற்குப் பிறகுதான் வாசனைக் கலைஞரின் கற்பனை.

அந்தக் காற்றைப் புட்டியில் அடைக்கும் ஆசை பழையது. ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய இத்தாலியரான யோஹான் மரியா ஃபரீனாவின் புகழ்பெற்ற வாசனை நீர், இத்தாலிய வசந்தகாலக் காலையையும் மழை நின்றபின் மணக்கும் ஆரஞ்சுப் பூவையும் நினைவூட்டவே உருவானது. ஜான் க்ளோட் எலெனா 2003இல் எர்மெஸ் நிறுவனத்துக்காகச் செய்த மத்தியதரைத் தோட்ட வாசனையின் பிறப்பிடம் ஹம்மாமெத்தில் உள்ள ஒரு தோட்டம். இன்று ‘நிஷ்’ என்று அழைக்கப்படும் சிறு வாசனை நிறுவனங்கள், குறைந்த அளவில் தயாரித்துக் கூடிய விலைக்கு விற்பவை, கடற்கரையும் ஆரஞ்சுப் பூவும் என்ற இந்தக் கருப்பொருளுக்கு மறுபடி மறுபடி திரும்புகின்றன. இத்தகைய புட்டியை வாங்குபவர் மனதில் பெரும்பாலும் ஒரு கணக்கு ஓடும்: பூ உண்மை, கடல் பொய், பாதி இயற்கை, பாதி ரசாயனம். இந்தக் கணக்கு தவறு. பூவும் கடலும் இரண்டுமே மனிதன் கட்டி எழுப்பியவைதான். அப்படிக் கட்டுவதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூக்கு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், ஓர் இடத்தின் மணத்தைக் கைக்கொள்ள வேறு வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பூவிலிருந்து தொடங்குவோம். நபலில் மரத்தடியில் துணி விரித்து, ஏணி வைத்து, விரிந்தும் விரியாத பூக்களைக் கையால் பறிக்கிறார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பூ வாடுவதற்குள் எண்ணெய் வடிக்கும் வாலைக்குப் போக வேண்டும். வெறும் நீராவியைப் பூவுக்குள் செலுத்தினால் இதழ்கள் ஒட்டித் திரண்டு கட்டியாகிவிடும், ஆவி ஊடுருவாது. அதனால் பூவைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மேலெழும் ஆவி குளிர்ந்து கீழே சொட்டும்போது, தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். அதுதான் நெரோலி. பதினேழாம் நூற்றாண்டில் தன் கையுறைகளுக்கு இந்த மணம் ஏற்றிக்கொண்ட நெரோலா என்ற இத்தாலிய ஊரின் இளவரசியால் வந்த பெயர். ஒரு கிலோ நெரோலிக்குச் சுமார் ஒரு டன் பூ வேண்டும். விலை கிலோவுக்குச் சில லட்சம் ரூபாய். வெளிர் மஞ்சளான அந்த எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய நீல ஒளி தெரியும். மீத்தைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளிவிடுவதால் வருவது அது. எண்ணெய் பிரிந்த பின் மிஞ்சும் தண்ணீரும் வீணாவதில்லை. அந்தப் பூநீரைத் துனிசிய வீடுகளில் காப்பியிலும் இனிப்பிலும் ஊற்றுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த எண்ணெயை மரத்தில் இருக்கும் பூவின் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் இரண்டும் ஒன்றல்ல என்று உடனே தெரியும். நெரோலி பசுமையாக, சற்றுக் கசப்பாக, கூர்மையாக இருக்கும். பூவோ இனித்து, கனத்து, தேன் கலந்தாற்போல் இருக்கும். காரணம் வாலைக்குள்ளேயே இருக்கிறது. கொதிநீரில் லினலைல் அசிட்டேட்டின் ஒரு பகுதி சிதைகிறது. நீரில் கரையக்கூடிய ஃபீனைல் எத்தனால் பெரும்பாலும் பூநீரோடு போய்விடுகிறது. மீத்தைல் ஆந்த்ரனிலேட்டிலும் இண்டோலிலும் எண்ணெய்க்கு வருவது சிறு பங்குதான். அதே பூவைக் கொதிக்க வைக்காமல் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகைப் பிரித்து எடுக்கும் ‘அப்சொல்யூட்’ முற்றிலும் வேறு குணம் கொண்டது: கரும்பழுப்பு நிறம், அடர்த்தி, இண்டோலின் விலங்குச் சாயல். அந்தச் சாயல் தமிழர்களுக்குப் புதிதல்ல; மதுரைப் பக்கத்து மல்லிகையில் இரவு ஏற ஏறக் கூடும் கனத்த நெடியில் இண்டோலுக்கும் பங்கு உண்டு, அந்த மல்லிகையின் அப்சொல்யூட்டும் தமிழ்நாட்டிலிருந்து உலகெங்கும் உள்ள வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது. ஒரே மரம், ஒரே பூ. எடுக்கும் முறையைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு மணங்கள், இரண்டுமே பூவின் மணம் அல்ல. இலையையும் சிறு கிளையையும் வடித்தால் வரும் பெட்டிகிரெய்ன், தோலைப் பிழிந்தால் வரும் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். சுவிட்சர்லாந்தின் ஜிவோடான் நிறுவனத்தில் ரோமன் கைசர் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில், செடியில் இருக்கும் பூவைக் கண்ணாடிக் குமிழால் மூடி, சுற்றியுள்ள காற்றை மட்டும் உறிஞ்சி எடுத்துப் பகுத்துப் பார்த்தார்கள். பூ காற்றில் விடும் கலவைக்கும் வாலை தரும் எண்ணெய்க்கும் விகிதத்தில் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டியது. உயிரோடு இருக்கும் பூவின் மணம் வேண்டுமென்றால், கலைஞர் நெரோலியோடும் அப்சொல்யூட்டோடும் ஆய்வகத்தில் செய்த பொருட்களைச் சேர்த்து அதை மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும்.

கடலுக்கு அந்தத் தொடக்கப் புள்ளிகூட இல்லை. உப்புக்கு மணம் கிடையாது. சோடியம் குளோரைடு சாதாரண வெப்பத்தில் ஆவியாவதில்லை, மூக்கை எட்டுவதும் இல்லை. வேதியியலாளர் ஷோன்பைன் 1839-40இல் ஓசோனைக் கண்டறிந்த பிறகு, கடற்கரைக் காற்றின் மணம் ஓசோனால் வருவதென்று ஐரோப்பா நம்பியது. உடல் தேறக் கடற்கரைக்கு வாருங்கள் என்று சுற்றுலா ஊர்கள் அதையே சொல்லி அழைத்தன. அதுவும் சரியல்ல. கடல் மணத்தின் முதன்மையான பொருள் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் கடற்பாசிகளும் தங்கள் உயிரணுக்களில் ஒரு கந்தகப் பொருளைச் சேர்த்து வைக்கின்றன. அவை சாகும்போதோ மேயப்படும்போதோ பாக்டீரியாக்களும் பாசிகளின் சொந்த நொதிகளும் அதைச் சிதைக்க, இந்த வாயு பிறக்கிறது. ஜேம்ஸ் லவ்லாக்கும் சகாக்களும் 1972இல் இதைக் கடல்மேல் அளந்து காட்டினார்கள். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜான்ஸ்டனின் குழு, நார்ஃபோக் கரையின் உவர்ச்சதுப்பு மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவில் இந்த வாயு உருவாவதற்கான மரபணுவை 2007இல் கண்டுபிடித்தது. இந்த வாயு பறவைகளுக்கு வழிகாட்டி. அன்டார்க்டிகக் கடலில் சில புயற்பறவைகள் அதை மோப்பம் பிடித்து இரையுள்ள நீர்ப்பரப்பைத் தேடி வருவதை 1995இல் கேப்ரியல் நெவிட் காட்டினார். இதோடு, மீனுக்கும் சிப்பிக்கும் அயோடின் சாயல் தரும் புரோமோஃபீனால்கள் சேர்கின்றன. பழுப்புக் கடற்பாசிகள் இனப்பெருக்கத்தின்போது வெளியிடும் எக்டோகார்ப்பீன் போன்ற பொருட்களும் சேர்கின்றன. ஹவாய்த் தீவினர் ‘லிமு லிப்போவா’ என்ற பாசியைச் சமையலில் சேர்ப்பது இந்த வகைப் பொருட்களின் காரத்துக்காகத்தான். ராமநாதபுரக் கரையில் கரை ஒதுங்கிக் காயும் பாசிக் குவியலுக்கு அருகில் நின்றவர்களுக்கு இந்த ரசாயனம் முழுவதும் மூக்கால் பழக்கம்.

ஆனால் கடல்நீரை வாலையில் ஏற்றினால் தண்ணீர்தான் இறங்கும். அதனால் கடலின் மணத்துக்கு மாற்றுகளைத் தேடினார்கள். கடற்பாசியைக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் கரும்பச்சை அப்சொல்யூட் ஒன்று. கன்னோஜ் அத்தர்க்காரர்கள் கடற்சிப்பிகளைச் சுட்டு வடிக்கும் ‘சோயா நக்’ இன்னொன்று. புகையும் கடலும் சேர்ந்த மணம் அது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகி அலையில் ஒதுங்கும் அம்பர்கிரிஸ் நெடுங்காலமாகப் பொன்னுக்கு நிகராக விலைபோனது. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் அதைக் கடத்தியவர்கள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அதன் மணத்தின் சாரமான அம்ப்ராக்சனை இன்று கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்தே செய்துவிடுகிறார்கள். இது திமிங்கலத்துக்கும் நல்லது, வாசனைத் தொழிலுக்கும் நல்லது.

இந்த மாற்றுகள் எதனாலும் நிகழாத திருப்பத்தை 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த ஒரு பொருள் நிகழ்த்தியது. மன அமைதி தரும் மருந்துகளின் குடும்பத்தை ஒட்டிய சேர்மங்களைச் செய்து பார்த்தபோது, தர்ப்பூசணியும் புதுச் சிப்பியும் ஈரக் காற்றும் கலந்தாற்போல் மணக்கும் வெண்ணிறப் படிகம் ஒன்று கிடைத்தது. கலோன் என்று பெயரிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதற்குப் பெரிய வேலை இல்லை. 1988இல் வந்த ‘நியூ வெஸ்ட்’ அதைத் துணிந்து முன்னிறுத்தியது. 1992இன் ‘லோ திஸ்ஸே’, 1996இன் ‘அக்வா தி ஜியோ’ ஆகியவற்றுக்குப் பிறகு ‘கடல் வாசனை’ என்றால் உலகச் சந்தையில் கலோன் என்றே ஆகிவிட்டது. பொதுவாகக் கலவையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அளவே போதும், அவ்வளவு வீரியம். கடலில் கலோன் கிடையாது. ஆனாலும் அதன் மூலக்கூறில் உள்ள ஏழணு வளையம் எக்டோகார்ப்பீனின் ஏழணு வளையத்தை ஒத்திருப்பதை வேதியியலாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பாசியின் சமிக்ஞையைப் படிக்கும் நம் மூக்கின் ஏற்பிகளில் சில கலோனையும் ஏற்கின்றன என்ற ஊகத்துக்கு இதில் இடம் உண்டு.

இங்கேதான் மூக்கின் வழிமுறை முக்கியமாகிறது. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபெல் பெற்ற வாசனை ஏற்பிகளில் மனிதருக்குச் செயல்படுபவை சுமார் 400. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். மூளைக்குப் போவது இந்தத் தூண்டல்களின் ஒட்டுமொத்தக் கோலம். ஆஸ்திரேலியாவில் டேவிட் லெய்ங் நடத்திய சோதனைகளில், பழகிய வாசனைகளைக் கலந்து கொடுத்தபோது, பயிற்சி பெற்றவர்களால்கூட மூன்று நான்குக்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கலவை ஒன்றாகவே உணரப்படுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் உணவு மணங்களை ஒட்டுமொத்தமாக ஆராய்ந்தபோது, உணவுகளில் காணப்படும் சுமார் 10,000 ஆவிப்பொருட்களில் மணத்தைத் தீர்மானிப்பவை 230 அளவில்தான் என்று கண்டார்கள்; ஓர் உணவுக்கு மூன்றிலிருந்து நாற்பது வரை போதும். பழகிய பாட்டின் முன்னிசையில் நாலைந்து சுரங்கள் விழுந்ததும் பாட்டு இன்னதென்று தெரிந்துவிடுவதைப் போல, மூக்கு சில முக்கியமான அடையாளங்களை வைத்தே பொருளை அறிகிறது. அப்படியானால் நெரோலியோடு சிறிது இண்டோலும் மீத்தைல் ஆந்த்ரனிலேட்டும் சேர்த்துப் பூவை மீட்பதும், கலோனும் கடற்பாசியும் அம்ப்ராக்சனும் சேர்த்துக் கடலைக் காட்டுவதும் ஒரே தொழில். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி, மூக்குக்குத் தேவையான அடையாளங்கள் சரியான விகிதத்தில் வந்து சேர்கின்றனவா என்பதுதான்.

இதற்கு எழும் எதிர்ப்புகளில் வலுவானது வேதியியலிலிருந்தே வருகிறது. செடி செய்யும் லினலூலும் ஆலையில் செய்யும் லினலூலும் ஒன்றே என்று சொல்வது முழுச் சரியல்ல. மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை வடிவங்கள் உண்டு. செடி பெரும்பாலும் ஒரு கை வடிவத்தையே மிகுதியாகச் செய்யும், சாதாரணத் தொகுப்பு முறை இரண்டையும் சமமாகத் தரும். மூக்கு இதை அறியும்: கார்வோனின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவாக மணக்கும், அதன் கண்ணாடிப் பிம்பம் சதகுப்பையாக மணக்கும். இந்த எதிர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது சொல்வது, எந்த வடிவம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பதை. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஒற்றைக் கை வடிவத்தை ஆய்வகமும் செய்ய முடியும். இயற்கையானது பாதுகாப்பானது என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. பிழிந்தெடுத்த பெர்கமட் எண்ணெயில் உள்ள பெர்காப்டன், வெயில் பட்டால் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நெரோலியிலேயே உள்ள லினலூலும் லிமோனீனும் காற்றில் ஆக்சிகரணமாகி ஒவ்வாமை தருபவையாக மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் புட்டியில் பெயர் குறிப்பிட வேண்டும் என்று விதித்த 26 ஒவ்வாமைப் பொருட்களில் இவை இரண்டும் அடங்கும். 2023இல் அந்தப் பட்டியல் 80ஐத் தாண்டியது. செயற்கையும் பாவமற்றதல்ல: மஸ்க் ஆம்ப்ரெட் தோலுக்கும் நரம்புக்கும் கேடு என்று தெரிந்த பிறகு ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

இன்னொரு எதிர்ப்பு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கலோன் கடலாக மணப்பது, அப்படி விளம்பரம் பழக்கியதால்தானே? நாகப்பட்டினத்து மீனவரிடம் கொடுத்தால் இது தர்ப்பூசணி என்றுதானே சொல்வார்? பெருமளவு உண்மை. வலியைப் போக்கும் தைலங்களில் வரும் வின்டர்கிரீன் வாசனையைப் பிரித்தானியர்கள் வெறுத்ததும், மிட்டாயிலும் சூயிங்கமிலும் அதை அறிந்த அமெரிக்கர்கள் விரும்பியதும் 1960களிலும் 70களிலும் நடந்த ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அனுபவம் மணத்துக்குப் பொருள் தருகிறது. எனவே இந்தப் புட்டிகளில் இருப்பது கோடை விடுமுறைக்குப் போகிறவரின் கடல். வலையும் கருவாடும் அழுகிய பாசியும் உள்ள கடல் அதில் இல்லை. இதைக் குறையாகவே சொல்கிறேன். கடற்பாசி அப்சொல்யூட்டின் அந்த லேசான அழுகல் நெடியை மறைக்காமல் விடுகிற சிறு நிறுவனங்களின் கலவைகள், சுத்தம் செய்யப்பட்ட கலோன் கடலைவிட எனக்கு மதிப்பானவை. உண்மையான ஆரஞ்சுப் பூவிலும் அழுக்கின் சாயல் உண்டு. இண்டோலை நீக்கினால் பூ சோப்பாகிவிடும். கடலுக்கும் அதே நியாயம்தான். ஆய்வகப் பொருட்கள் பெருகினால் நபல் பெண்களின் பிழைப்பு என்னாகும் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் நெரோலியின் நூற்றுக்கணக்கான சிறு கூறுகள் தரும் ஆழத்தை நாலைந்து பொருட்கள் முழுதாக ஈடுசெய்வதில்லை. அதனால்தான் அடையாளத்துக்கு ஆய்வகமும் ஆழத்துக்கு வாலையும் என்று கலைஞர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். 1904இல் வல்லோரிஸில் விவசாயிகள் கூடித் தொடங்கிய நெரோலியம் கூட்டுறவின் பகுதியில் தோப்புகள் சுருங்கியதற்கு, செயற்கைப் பொருளைவிடக் கடற்கரை மனைகளின் விலையும் உறைபனியும் பெரிய காரணங்கள்.

தோலில் இந்தக் கலவை நடந்துகொள்ளும் விதமும் கவனிக்க வேண்டியது. முதல் பத்து நிமிடம் லிமோனீன் பறக்கும்: தோல் உரித்த பழம். அரை மணியில் லினலூலும் பூவின் பசுமையும் எழும். மீத்தைல் ஆந்த்ரனிலேட் புட்டிக்குள்ளேயே ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து புதிய, கனமான, மஞ்சள் நிறப் பொருட்களை உண்டாக்கியிருக்கும். பூவின் இனிப்பு மணிக்கணக்கில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாலைக்குள் பூ அடங்கிவிடும். கலோனும் அம்ப்ராக்சனும் கஸ்தூரி வகைகளும் அப்போதும் தோலில் இருக்கும். அதாவது, விலையுயர்ந்த நெரோலிக்குக் காசு கொடுத்து வாங்குகிறவர் நாளின் பெரும்பகுதியில் முகர்வது, வாலையில் இறங்காத அந்தக் கடலைத்தான்.

ஆகவே இந்த வகை வாசனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கடையில் தாளில் தெளித்ததை முகர்ந்த உடனே முடிவெடுக்கவும் வேண்டாம். மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு வெளியே போய், நாலு மணி நேரம் கழித்துப் பூ போன பின் மிஞ்சும் கடல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் அந்தப் புட்டியை விட்டுவிடுங்கள்.